காப்புரிமையா, காப்புரிமமா?

கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள அறிவுசார் சொத்துரிமைக் கட்டடத்தில் பேட்டன்ட் அலுவலகம் இருக்கிறது. புதிய கண்டுபிடிப்பை மற்றவர்கள் செய்யாதபடி குறிப்பிட்ட காலத்துக்கு அரசு தரும் காவலே பேட்டன்ட். அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பதே கேள்வி. வணிகச் சின்னப் பதிவகமும், நாடு முழுவதுக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அங்கேதான். உள்ளே தனித்தனியாக நடக்கும் வேலைகளை நம் செய்திகள் ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றன. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தால் அது காப்புரிமை. திரைப்பாடல் யாருக்குச் சொந்தம் என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தால் அதுவும் காப்புரிமை. புது வகை பம்பு ஒன்றைக் கண்டுபிடித்தவர் பெறுவதும் காப்புரிமை.

இவை வெவ்வேறு சட்டங்களில் வருபவை. பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் கிடைப்பது பதிப்புரிமை. அவர்கள் ஆயுளோடு இன்னும் 60 ஆண்டுகள் நிற்கும். புவிசார் குறியீடு தனி ஒருவருக்கு உரியதல்ல. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். பேட்டன்டோ விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளில் முடிந்துவிடும், நீட்டிப்பு கிடையாது.

பேட்டன்ட் என்ற சொல்லின் வேர் லத்தீன். 'பதேரே' என்றால் திறந்திருத்தல். இங்கிலாந்து அரசர்களின் மடல்கள் இரு வகை. மடித்து முத்திரையிட்டது குறிப்பிட்ட ஒருவருக்கு. முத்திரை கீழே தொங்க, யாரும் படிக்கும்படி விரித்து விட்டது ஊருக்கு. இந்த இரண்டாம் வகைக்கே லெட்டர்ஸ் பேட்டன்ட் என்று பெயர். பட்டம், பதவி, வணிகச் சலுகை எல்லாம் அதில்தான் வழங்கினார்கள். 1624இல் அங்கே வந்த சட்டம் வணிக ஏகபோகங்களை ஒழித்துவிட்டு, புதிய உற்பத்தி முறைகளுக்கு மட்டும் 14 ஆண்டு வரை விலக்குத் தந்தது. இந்தியாவில் முதல் சட்டம் 1856இல் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1970ஆம் ஆண்டுச் சட்டம்.

மூலச்சொல் சொல்வது திறப்பை. தமிழ்ச்சொல் சொல்வது காவலை. இரண்டும் சேர்ந்தால்தான் பொருள் முழுமையாகும். செய்முறையை மறைக்காமல் எழுதிக் கொடுத்தால்தான் அரசு காவல் தரும். காலம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம்.

அதற்காகக் 'காப்பு' என்ற சொல்லைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் அம்மன் கோயிலில் கட்டும் காப்பை நினைத்துப் பாருங்கள். திருவிழா முடியும் வரை கையில் இருக்கும், முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். கெடு உள்ள காவல் என்ற கருத்து அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எனக்கு நெருடுவது 'உரிமை'தான். பேச்சுரிமை, வாக்குரிமை என்று பழகிய காதுக்கு, இதுவும் யாரும் பறிக்க முடியாத ஒன்றாகக் கேட்கிறது. உண்மையில் இது அரசு ஆராய்ந்து, நிபந்தனையோடு தருவது. தவறாகத் தந்திருந்தால் ரத்தும் செய்யலாம். ஓட்டுநர் உரிமம் போல 'காப்புரிமம்' என்பதே சரி. இந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'புனைவுரிமை' என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் புனைவு என்றதும் இன்று நமக்குக் கதைதான் நினைவுக்கு வருகிறது.

உரிமமா உரிமையா என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதைச் சென்னை பார்த்திருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் என்ற மருந்து நிறுவனம் 1998இல் இங்கே விண்ணப்பித்தது. அந்த மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது; உள்நாட்டு நிறுவனங்களின் மாத்திரையோ சுமார் 10,000 ரூபாய்தான். விண்ணப்பம் திறந்த ஆவணம் என்பதால் புற்றுநோயாளிகளுக்கு உதவும் சங்கம் ஒன்றும் அதை எதிர்த்து வாதாட முடிந்தது. தெரிந்த மருந்தின் புது வடிவம் கூடுதல் பலன் தந்தால் ஒழியக் காப்புரிமம் இல்லை என்கிறது 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(டி) பிரிவு. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்தப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமம் இல்லை என்று முடித்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடித்தளமான 1959 அறிக்கையை எழுதிய நீதிபதி என். ராஜகோபால அய்யங்காரும் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவரே.

இன்னொரு குழப்பம் கல்லூரி விளம்பரங்களில். விண்ணப்பம் 18 மாதத்தில் தானாக வெளியிடப்படும். அது வெளியீடு மட்டுமே. காப்புரிமம் தரலாமா என்று அலுவலகம் ஆராயும் பரிசோதனை அதற்குப் பிறகுதான். வெளியானதையே 'காப்புரிமை பெற்றது' என்று போடுவது மாணவரை ஏமாற்றுவது. பொருளின் தோற்றத்துக்குப் பெறும் வடிவமைப்புப் பதிவும் காப்புரிமம் ஆகாது.

கண்டுபிடிப்பாளர், விண்ணப்பதாரர் என்ற இரு சொற்களையும் பிரித்தே எழுத வேண்டும். பெண்கள் கல்வியில் முன்னேறியும் கண்டுபிடிப்புகளில் ஏன் குறைவு என்ற விவாதத்தில் இரண்டும் கலந்துவிடுகின்றன. விண்ணப்பதாரர்கள் எல்லாரும் தனிநபர்களாக இருந்து, அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் விரைவுப் பரிசோதனை கேட்கலாம் என்று 2019இல் விதி வந்தது. ஆனால் சென்னையில் ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையில் வேலை பார்க்கும் பெண் பொறியாளர் பெரும்பாலும் விண்ணப்பதாரர் ஆவதில்லை. வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி நிறுவனமே விண்ணப்பிக்கும். இவர் கண்டுபிடிப்பாளர் மட்டும். பெண் என்பதற்கான அந்தச் சலுகை அங்கே பொருந்தாது. ஆனாலும் காப்புரிமத்தில் கண்டுபிடிப்பாளராகத் தன் பெயர் வர வேண்டும் என்று அதே சட்டத்தின் 28ஆம் பிரிவின் கீழ், படிவம் 8 வழியாக, அவர் கேட்கலாம். அதனால் பங்கோ பணமோ வராது. பெயர் நிற்கும். அதைக் கேட்பது அவருடைய உரிமை. காப்புரிமம் வழங்கப்படும் முன்பே கேட்டுவிட வேண்டும்.