1942-இன் சப்-இன்ஸ்பெக்டர்: நாவல் எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

செட்டிநாட்டில் 1942-க்குக் கதைப் பஞ்சம் கிடையாது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. அங்கே மொகல் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகளில் (வட்டிக்கடைகளில்) இருந்த மேலாட்களும் (பொறுப்பாளர்கள்) அடுத்தாட்களும் (உதவியாளர்கள்) கப்பலிலும், கப்பல் கிடைக்காதவர்கள் மலைவழியே நடந்தும் ஊர் வந்து சேர்ந்தார்கள். ஆகஸ்டில், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில், தேவகோட்டையில் கோர்ட்டு எரிந்தது. திருவாடானையில் சிறையை உடைத்துச் சுதந்திரப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை மக்கள் மீட்டார்கள். இந்தக் களத்தில் கொள்கைப் பிடிப்புள்ள ஓர் இளம் போலீஸ் அதிகாரியை நிறுத்தி எழுதப் பலருக்கு ஆசை. ஸ்டேஷன் வாசல் வரை கதை நன்றாகத்தான் வரும். உள்ளே போனால் இன்றைய ஸ்டேஷன்!

முதல் தவறு பதவியிலேயே. 'இளம் ஐ.பி.எஸ்.' அன்று இல்லை. அது சுதந்திரத்துக்குப் பின் வந்த பெயர். உங்கள் நாயகன் வேலூரில் பயிற்சி முடித்த சப்-இன்ஸ்பெக்டராக இருக்கட்டும். அவரை மிரட்ட மந்திரியைக் கூப்பிடாதீர்கள். 1939 அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தபின் சென்னை மாகாணத்தில் கவர்னர் ஆட்சிதான். மிரட்டல் கலெக்டர் பக்கமிருந்து வரலாம்: வழக்கை விசாரிக்கும் சப்-மாஜிஸ்திரேட்டும் அவருக்குக் கீழேதான். சிவகங்கை மாவட்டமும் அன்று கிடையாது, எல்லாம் ராமநாதபுரம் ஜில்லா.

எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) நகலை இலவசமாகக் கொடுப்பது 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் தந்தது. அன்று இருந்த 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆம் பிரிவுப்படி எழுதி, வாசித்துக் காட்டி, புகார் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கினால் போதும். சாட்சியிடம் விசாரித்து எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது (162-ஆம் பிரிவு). போலீசிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது. இந்த மூன்றும் சாதாரண நாளின் வேலி.

யுத்த காலத்தில் வேலி எங்கே பிய்ந்தது என்பதில்தான் நாவல் இருக்கிறது. சாதாரணமாகப் பிடித்த ஆளை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் 129-ஆவது விதியோ, நியாயமான சந்தேகம் இருந்தால் வாரண்ட் இல்லாமல் பிடிக்க விட்டது. மாகாண அரசின் உத்தரவில்லாமலே 15 நாள், உத்தரவோடு மொத்தம் 2 மாதம் வைக்கலாம். விசாரணையின்றிச் சிறை வைக்கும் 26-ஆவது விதி செல்லாது என்று ஃபெடரல் கோர்ட்டு 1943 ஏப்ரலில் சொன்னது. அந்த மாதமே அவசரச் சட்டம் போட்டு ஓட்டையை அடைத்துவிட்டார்கள். நீதி வரும் என்று காத்திருக்கும் அதிகாரிக்குக் கிடைத்தது சில நாள் சந்தோஷம். நாயகனைத் துப்பாக்கியோடு நிறுத்துவதைவிட, 'நியாயமான சந்தேகம்' என்று எழுத வேண்டிய தாளின் முன் உட்கார வைப்பது எனக்குப் பெரிய காட்சியாகப் படுகிறது.

சோதனைக் காட்சியிலும் கவனம் வேண்டும். செட்டிநாட்டுப் பெரிய வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் மட்டும் ஆள் நிறுத்திவிட்டு உள்ளே போகிற சப்-இன்ஸ்பெக்டர், வளவை (நடு முற்றத்தை) தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் தேடிய பொருள் பின்வாசலால் போயிருக்கும். விஷயம் தெரிந்த ஏட்டையா முதலில் பின்தெருவுக்குத்தான் இரண்டு பேரை அனுப்புவார்.

சோதனைக்கு, அதே 1898 சட்டத்தின் 103-ஆம் பிரிவு அந்த வட்டாரத்தில் மதிப்புள்ள இரண்டு பேரையாவது சாட்சியாகக் கேட்டது. அந்தத் தெருவில் யாரைக் கூப்பிட்டாலும் பங்காளியோ சம்பந்தியோதான். கையெழுத்துப் போட்டால் நாளைக்குக் கோயிலில் முகம் பார்க்க முடியாது. வெளியூர் ஆளைச் சாட்சியாக வைத்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே பிடி.

எடுத்த பொருளுக்கு அங்கேயே பட்டியல் போட்டுச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும், வீட்டுக்காரர் கேட்டால் நகல் தர வேண்டும். பெட்டகத்தில் கிடைத்ததைத் 'துண்டறிக்கை 40' என்று எண்ணி எழுதுவது ஒன்று. 'துண்டறிக்கைக் கட்டு 1' என்று எழுதுவது வேறு. கட்டு, கோர்ட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெருத்துவிடும்.