மூச்சை வெளிவிடும்போது இதயம் ஏன் நிதானமாகிறது?

வேலையில் சேருவதற்கு முன் எடுத்த ஈசிஜி அறிக்கையில் 'சைனஸ் அரித்மியா' என்று அச்சாகி வந்திருப்பதாகவும், இணையத்தில் தேடியபோது 'அரித்மியா' என்றால் இதயத் துடிப்புக் கோளாறு என்று இருந்ததால் இரவில் உறக்கம் போய்விட்டதாகவும், தினமும் தியானம் செய்தால் இது சரியாகிவிடுமா என்றும் 25 வயது வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மருத்துவர் வேறு குறை எதையும் சொல்லவில்லை என்பதையும் அவரே எழுதியிருந்ததால் தயங்காமல் பதில் சொல்லலாம்: உடல்நலமுள்ள இளைஞர்களிடம் மூச்சோடு சேர்ந்து துடிப்பு ஏறி இறங்குவதைத்தான் அந்தப் பெயர் பெரும்பாலும் குறிக்கிறது, நிதானமான மூச்சோடு தியானத்தில் அமர்ந்தால் அந்த ஏற்ற இறக்கம் குறையாது, இன்னும் கூடும்.

இதை அறியக் கருவி எதுவும் வேண்டாம். இடக்கை மணிக்கட்டில் வலக்கை விரல்களை வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு, 5 நொடி மூச்சை உள்ளிழுத்து, 5 நொடி வெளிவிட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும், விடும்போது துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி நீள்வதையும் பலரால் விரல் நுனியிலேயே உணர முடியும். ஜெர்மானிய உடலியங்கியலாளர் கார்ல் லுட்விக் இதை 1847இலேயே சுழலும் உருளையில் கோடாக வரைந்து பதிவு செய்துவிட்டார்.

பரிவு நரம்புகள், துணைப்பரிவு நரம்புகள் பற்றிப் பள்ளியில் படித்தது நினைவிருக்கும். அச்சமோ நெருக்கடியோ வரும்போது பரிவு நரம்புகள் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகின்றன. அட்ரினல் சுரப்பி அட்ரினலினையும் கார்டிசாலையும் விடுகிறது. நாய் துரத்தும்போது உதவும் இந்த ஏற்பாடு, மாதக் கடைசியில் கடன் தவணையை நினைத்துக்கொண்டு படுத்திருக்கும்போதும் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் மன அழுத்தம் என்கிறோம். இதில் பலரும் கவனிக்கத் தவறும் பங்கு, எதிர்ப்பக்கம் நிற்கும் துணைப்பரிவு நரம்பான வேகஸுக்கு உரியது.

மூளையின் அடியில் உள்ள முகுளத்திலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று அலைந்து திரியும் நரம்பு அது. 'வேகஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கே அலைவது என்றுதான் பொருள். நரம்புகளின் தலையீடு எதுவுமின்றி விட்டால், இதயத்தின் சைனஸ் கணு தன்னிச்சையாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிப்பைத் தூண்டும். ஓய்வில் நம் நாடி 70 அளவில் இருப்பதற்குக் காரணம், வேகஸ் நரம்பு இடைவிடாமல் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதே. மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களுக்கு அறுவையின்போது இந்த நரம்புத் தொடர்பு அறுபட்டுவிடுவதால், ஓய்விலும் அவர்களுடைய துடிப்பு 90, 100 என்றே இருக்கும். ஆக, நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கத் தொடங்கியதும் நாடி உயர்வதற்கு, பிரேக்கைச் சற்றுத் தளர்த்துவதே முதலில் போதுமானதாகிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும் தேவை பிறகுதான் வருகிறது.

இந்தப் பிரேக் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் கண்டறிந்த கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய மருந்தியலாளர் ஓட்டோ லோவி ஓர் இரவில் கனவில் ஒரு சோதனையைக் கண்டு, அரைத்தூக்கத்தில் எதையோ கிறுக்கி வைத்துவிட்டு உறங்கினார். காலையில் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. மறுநாள் இரவும் அதே யோசனை வந்தபோது அவர் எழுதிவைக்கவில்லை, நேரே ஆய்வகத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளை இதயங்களை எடுத்து உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்த பின், அந்த இதயத்தில் இருந்த கரைசலை எடுத்து, நரம்பு நீக்கப்பட்ட இரண்டாவது இதயத்தில் ஊற்றினார், அதுவும் மெதுவானது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் இதயத்தோடு பேசுகிறது என்பதற்கு 1921இல் வெளியான இந்தச் சோதனையே சான்றாயிற்று. அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் உறுதியாகி, லோவிக்கும் பிரிட்டிஷ் உடலியங்கியலாளர் ஹென்றி டேலுக்கும் 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

அசிட்டைல்கோலினின் ஆயுள் மிகக் குறைவு என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. சுரந்த இடத்திலேயே காத்திருக்கும் நொதி அதை உடனுக்குடன் சிதைத்துவிடுவதால், வேகஸ் நரம்பால் ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியே திருத்த முடிகிறது. பரிவு நரம்புகள் சுரக்கும் நார்அட்ரினலின் செயல்பட்டு அடங்குவதற்கோ பல நொடிகள் தேவைப்படுகின்றன. மூச்சை இயக்கும் நரம்பணுக்களும், இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் அணுக்களும் முகுளத்தில் அண்டை வீட்டுக்காரர்கள். உள்மூச்சுக்கான நரம்பணுக்கள் விழித்தெழும் ஒவ்வொரு முறையும் வேகஸ் அணுக்களைச் சற்று அடக்கி வைக்கின்றன. பிரேக் தளர்ந்து நாடி விரைகிறது. வெளிமூச்சின்போது அந்த அடக்குமுறை விலக, பிரேக் மீண்டும் இறுகுகிறது.

மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்ற அளவுக்கு நிதானப்படுத்தும்போது இன்னொன்றும் வந்து சேர்ந்துகொள்கிறது. பெருந்தமனியின் வளைவிலும் கழுத்துத் தமனிகளிலும், இரத்த அழுத்தம் உயர்ந்தால் இழுபட்டுச் செய்தி அனுப்பும் உணர்விகள் இருக்கின்றன. செய்தி கிடைத்ததும் முகுளம் துடிப்பைக் குறைக்கிறது. துடிப்பு குறைந்ததன் விளைவு அழுத்தத்தில் தெரிய ஏறத்தாழ 5 நொடிகள் ஆகின்றன. அழுத்தம் தாழ்ந்ததும் துடிப்பு மறுபடி உயர்கிறது. அதன் விளைவு தெரிய மேலும் 5 நொடிகள். இந்தத் தாமதத்தால் அழுத்தமும் துடிப்பும் 10 நொடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் இயல்பாகவே ஊசலாடிக்கொண்டிருக்கின்றன. மூச்சும் 10 நொடிக்கு ஒன்று என்று அமையும்போது, ஊஞ்சல் நம்மிடம் வந்து திரும்பும் அதே கணத்தில் தள்ளிவிடுவதைப் போல, இரண்டு அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, துடிப்பின் ஏற்ற இறக்கம் உச்சத்தை அடைகிறது. தொடர்ந்து இவ்வாறு பயிலும்போது அந்த உணர்விகளின் மறுவினை கூர்மையாகிறது என்பதே, மெதுவான மூச்சால் இரத்த அழுத்தம் ஓரளவு குறைவதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் எனக்கு வலுவாகத் தோன்றுவது.

இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 23 பேரை இலத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவும், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற மந்திரத்தை ஓதவும் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு 6 என்ற அளவில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தன. எந்தத் தெய்வத்தின் பெயர் என்பது முகுளத்துக்குத் தெரியாது. திருமூலர் பூரகம் எனும் உள்மூச்சுக்கு 16 மாத்திரையும் (மாத்திரை என்பது கால அளவு) ரேசகம் எனும் வெளிமூச்சுக்கு 32 மாத்திரையும் சொல்லும்போது வெளிமூச்சு உள்மூச்சைப் போல் இரு மடங்காகிறது என்பதை இந்த இடத்தில் ரசிக்கலாம். இடையில் மூச்சை அடக்கி வைக்கும் 64 மாத்திரைக் கும்பகத்தை மட்டும், குறிப்பாக இதய நோயாளிகள், தாமாக முயன்று பார்க்க வேண்டாம்.

தியானம் என்பது வெறும் மூச்சுக் கணக்குதானா என்று பழகியவர்கள் கேட்பார்கள். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்திப் பழகுவதற்குத் தனிப் பயன் இருக்கக்கூடும். ஆனால் அதை அளப்பது கடினம். மருந்துச் சோதனைகளில் ஒரு பிரிவினருக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றுவதைப் போல் பொய்த் தியானத்தைக் கொடுத்து ஒப்பிட முடியாது. மொத்தம் 3,515 பேர் பங்கேற்ற 47 சோதனைகளை அலசி 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலன் உண்டு என்றும், உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிடச் சிறந்தது என்பதற்குச் சான்றில்லை என்றும் முடித்தது. எட்டு வாரத் தியானம் மூளையின் அமைப்பையே மாற்றும் என்று பரவலாகப் பேசப்பட்டதை, கூடுதல் பேரைக் கொண்டு 2022இல் வெளியான, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வால் உறுதிப்படுத்த முடியவில்லை. புதுச்சேரி ஜிப்மரில் இளம் மாணவர்களிடம் 12 வாரம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், விரைவான பிராணாயாமம், மெதுவான பிராணாயாமம் இரண்டுமே மன அழுத்த உணர்வைக் குறைத்தன; இதயம், இரத்த அழுத்தம் சார்ந்த அளவீடுகளில் முன்னேற்றம் தந்தது மெதுவானது மட்டுமே.

இத்தகைய ஒப்பீடுகளுக்குத்தான் பணம் செலவிடப்பட வேண்டும் என்பது என் கருத்து. நடுவண் அரசின் அறிவியல், தொழில்நுட்பத் துறை யோகம், தியானம் குறித்த ஆய்வுக்கென்றே 'சத்யம்' என்ற திட்டத்தை நடத்துகிறது. அதை நான் வரவேற்கிறேன், பலன் இல்லை என்று காட்டும் முடிவுகளும் அதே உற்சாகத்தோடு வெளியிடப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இதயத்தையே நிறுத்திக் காட்டுவதாகச் சொன்ன யோகிகளை தில்லியின் பி. கே. ஆனந்தும் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்கர், பாக்சி ஆகியோரும் சோதித்து 1961இல் எழுதியதை இன்று மேடைகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை: மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கியதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து நாடி விரலுக்குத் தட்டுப்படாமல் போயிற்று, மின்வரைபடத்தில் இதயம் துடித்துக்கொண்டேதான் இருந்தது.

வாசகருக்கு இன்னொரு செய்தி. நீண்டகால நீரிழிவால் வேகஸ் நரம்பு பழுதாகியிருக்கிறதா என்று அறிய மருத்துவர்கள் செய்யும் சோதனைகளுள் ஒன்றில், நோயாளியை நிமிடத்துக்கு 6 முறை ஆழ்ந்து மூச்சுவிடச் சொல்லி, ஈசிஜியில் துடிப்பின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடுவார்கள். வேறுபாடு நிமிடத்துக்கு 15 துடிப்பு அல்லது அதற்கு மேல் இருந்தால் நரம்பு நலமாக இருக்கிறது என்பார்கள். 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு சோதிப்பார்கள். வயது ஏற ஏற இந்த வேறுபாடு இயல்பாகவே சுருங்கும். அவருக்கோ 25 வயதில், வெறுமனே படுத்திருந்தபோதே அது இயந்திரத்தின் கண்ணில் படும் அளவுக்கு இருந்திருக்கிறது.