சாவி வாங்கிய அன்று இரவே எழுதி அனுப்புங்கள்

பொங்கல் லீவு முடிந்த மறுநாள் காலை, நாகர்கோவிலில் என் வக்கீல் ஆபீஸைத் திறக்கும் முன்பே ஈரோட்டுக் குடும்பம் ஒன்று வாசலில் காத்திருந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், முட்டுவலியோடு அம்மா. கன்னியாகுமரியில் இரண்டு ராத்திரிக்கு ஒரு அபார்ட்மென்ட் எடுத்துத் தங்கிவிட்டு, ஊருக்குத் திரும்பும் வழி.

அந்தப் பெண் போனை நீட்டினார். விளம்பரப் படத்தில் பால்கனிக் கம்பி, அதற்குப் பின்னால் வள்ளுவர் சிலை முழுசாக. அடுத்து அவர் எடுத்த படம். அதில் பால்கனிக்கு எதிரே பக்கத்து மாடியின் கறுப்புத் தண்ணீர் டேங்க், அதன் ஓரத்தில் சிலையின் தலை மட்டும். விளம்பரத்தில் லிஃப்ட் உண்டு. போனால் லிஃப்ட் கதவில் கயிறு கட்டியிருக்கிறது. மூன்று மாடியையும் அம்மா உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறியிருக்கிறார்.

"எழுதிக் கேட்டீங்களா?" என்றேன்.

"போன்ல நல்லா சத்தம் போட்டுட்டேன் சார். ரெண்டு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்கன்னுட்டார்."

ஒரு மெசேஜ்கூட இல்லை. அதைவிடக் கொடுமை, கிளம்பும்போது கேர்டேக்கர் கெஞ்சினார் என்று ஐந்து நட்சத்திரம் போட்டு, 'நல்ல இடம்' என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவது அதைத்தான். இப்படி வருபவர்கள் ஒருவர் இருவர் அல்ல. லீவு முடிந்தால் வருகிறார்கள், கையில் கோபம் மட்டும்தான் இருக்கிறது.

எல்லாரும் சொல்லும் இன்னொன்று, "அட்வான்ஸ் திரும்பத் தரப்படாதுன்னு போட்டிருக்கே சார்." தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் மனம் மாறி ரத்து செய்தால் பணம் வராது என்பதுதான் அந்த வரி. சொன்னதை அவர் கொடுக்காதபோது அது அவருக்குக் கவசம் ஆகாது. லிஃப்ட் உண்டு என்று காசு வாங்கிவிட்டு லிஃப்ட் இல்லையென்றால் அது சேவைக் குறைபாடு. வேறு இடத்தின் படத்தைக் காட்டினால் அது தவறான விளம்பரம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் சட்டம் ஓடிப்போகாது. 'ரிஃபண்ட் இல்லை' என்று படித்ததும் வாயை மூடிக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள்.

அடுத்த பயம், கேஸுக்காக நாகர்கோவிலுக்கு அலைய வேண்டுமே என்பது. வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம், வக்கீலாகிய நானே சொல்கிறேன். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள், பல விஷயம் அங்கேயே முடியும்.

ஆனால் எல்லாக் குறையும் வழக்காகாது. எங்கள் கரையோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். கடல் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே உண்டு, சுவரில் ஈர வாடை வரத்தான் செய்யும். குடிக்கவும் சமைக்கவும் எந்தத் தண்ணீர் என்று முன்னாலேயே கேளுங்கள். உதயமும் அஸ்தமனமும் ஒரே பால்கனியிலிருந்து தெரியும் என்று யாராவது சொன்னால், பால்கனி எந்தத் திசை என்று கேளுங்கள். கிழக்கைப் பார்த்த பால்கனியில் அஸ்தமனம் எப்படித் தெரியும்?

புக்கிங் போடும் நேரத்திலேயே விளம்பரம் முழுவதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், பிற்பாடு படங்களை மாற்றிவிடுகிறார்கள். ஐந்நூறு ரூபாய் குறைகிறது என்று ஆப்புக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். ஆப் வழியாகப் போனால், உங்கள் புகார் கிடைத்ததென 48 மணி நேரத்துக்குள் அவர்கள் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வெளியே அனுப்பிய பணத்துக்கு அந்தப் பிடி கிடையாது. ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு எண் மறைத்த நகலைக் கொடுங்கள்.

கதவைத் திறப்பதிலிருந்து நிறுத்தாமல் ஒரே வீடியோ எடுங்கள். அது எடுத்த போனிலேயே இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அழிக்காதீர்கள். பெட்டியைப் பிரிக்கும் முன் உரிமையாளருக்கும் ஆப்புக்கும் மெசேஜ் போடுங்கள். என்ன சொன்னீர்கள், என்ன இருக்கிறது, வேறு வீடு தருகிறீர்களா பணம் தருகிறீர்களா. இவ்வளவு போதும். ராத்திரி வேறு வழியில்லாமல் அங்கேயே தங்க நேர்ந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

அந்த ஈரோட்டுத் தம்பியை என் மேஜையில் உட்காரவைத்தே மெசேஜ் எழுத வைத்தேன். தாமதம்தான். ஆனாலும் கயிறு கட்டிய லிஃப்டின் படம் ஒன்று மகளின் போனில் தேதியோடு இருந்தது, அதைச் சேர்த்து அனுப்பினோம்.

எங்கள் ஊர் வீட்டுக்காரர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லிஃப்ட் ஓடவில்லை என்றால் அட்வான்ஸ் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முட்டுவலிக்காரர்கள் நிறையப் பேர் கடல் பார்க்க வருகிறார்கள்.