நிறமில்லாத வார்னிஷ் மரத்தை எப்படி நிறம் மாற்றுகிறது?

“ரப்பர் மர மேசை. பால் நிறத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. கிளியர் வார்னிஷ் அடித்ததும் தேன் நிறமாகிவிட்டது. வார்னிஷில் கலப்படமா?” என்று நாகர்கோவிலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கலப்படமே இல்லாவிட்டாலும் இப்படித்தான் ஆகும். பஜ்ஜி வைத்த தாளை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் மங்கலான கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தாளும் மரநார்தானே! நாருக்கும் நாருக்கும் நடுவில் காற்று இருக்கிறது. ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1, நாருக்கு ஏறக்குறைய 1.5. இந்த வித்தியாசத்தால் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி சிதறுகிறது. எல்லா நிறமும் கலந்து சிதறுவதால் நம் கண்ணுக்கு வெளுப்பாகத் தெரிகிறது. எண்ணெயின் எண்ணும் 1.5-ஐ ஒட்டியதுதான். அது காற்றை விரட்டிவிட்டு உட்கார்ந்ததும் எல்லை அழிந்ததுபோல் ஆகிறது. ஒளி சிதறாமல் ஆழமாக உள்ளே போகிறது. மரத்தில் வார்னிஷும் இதே வேலையைத்தான் செய்கிறது. அப்படி உள்ளே போகும் ஒளி, அங்குள்ள பழுப்பு நிறத்தை வாங்கிக்கொண்டுதான் வெளியே வரும். ஆக, உங்கள் மேசையில் தெரிவது வார்னிஷின் நிறம் மட்டுமல்ல, மரம் ஒளித்து வைத்திருந்த நிறமும்தான். எனக்கு இது எத்தனை முறை யோசித்தாலும் அலுக்காத விஷயம்.

எண்ணெய் வார்னிஷில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் சேர்க்கும் ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. நாள் ஆக ஆக அதுவே மஞ்சளாகும், அதுவும் வெளிச்சம் படாத மூலையில் அதிகமாக.

வெளிர் மரத்துக்கு நான் சொல்வது தண்ணீர் அடிப்படையிலான அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன். டப்பாவைத் திறந்தால் பால்போல இருக்கும், பயப்பட வேண்டாம். தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெள்ளை அது. தண்ணீர் ஆவியானதும் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே படலமாகிவிடும். எல்லை போச்சு, வெள்ளையும் போச்சு. பஜ்ஜித் தாளின் அதே கணக்கு! துகள்கள் எண்ணெய் அளவுக்கு மரத்துக்குள் இறங்காததால் வெளுப்பும் ஓரளவு தங்குகிறது. முதல் பூச்சில் நார் சிலிர்க்கும். காய்ந்ததும் 320 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு அடுத்ததை அடியுங்கள்.

வெயிலை மட்டும் எதுவும் முழுதாகத் தடுக்காது. மரநார்களைப் பசைபோல் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் புற ஊதாக் கதிரில் மஞ்சளாகும். பழைய செய்தித்தாள் பழுப்பதும் அதனால்தான்.

மர ஆராய்ச்சிக்கென்றே பெங்களூரில் ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. இந்த மாதிரி விஷயங்கள் எளிய தமிழில் கையேடாகி ஒவ்வொரு ஆசாரியின் பட்டறைக்கும் போய்ச் சேர அரசு தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, அடுத்த மேசைக்கு ஒன்று செய்யுங்கள். பூசாத பலகையை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். தண்ணீரின் எண் 1.33தான், அதற்கே நிறம் கொஞ்சம் ஆழமாகும். எண்ணெய் வார்னிஷ் பட்டால் அதைவிட ஆழமாகும்.