ராக்கிகடி எலும்பும் தேவனாம்பட்டினத்துக் கதவும்

ராக்கிகடியில் கிடைத்த எலும்புக்கூட்டை வைத்து இந்து மதத்தின் வயதைச் சொல்லிவிட முடியுமா என்று தம் வகுப்பு மாணவர் இருவர் சண்டையிட்டுக்கொண்டதாகக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். முடியாது. ஆனால் அந்த எலும்பிலிருந்து எதைச் சொல்ல முடிந்தது, அதை எப்படி நம்புகிறோம் என்பது அந்தச் சண்டையைவிடச் சுவையானது.

அரியானாவில் உள்ள ராக்கிகடி, சிந்துவெளி நாகரிகத்தின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்று. அங்கே எடுத்துச் சோதித்த 61 எலும்பு மாதிரிகளில் ஒன்றே ஒன்றில்தான், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் மாதிரியில்தான், படிக்கத்தக்க டி.என்.ஏ. மிஞ்சியிருந்தது. வெப்பமும் ஈரமும் அதைச் சிதைத்துவிடும். உடலிலேயே மிகக் கெட்டியான உட்காது எலும்பில்தான் கொஞ்சமேனும் தங்கும். அகழ்ந்தவரின் வியர்வையும் ஆய்வாளரின் எச்சிலும் அதனோடு கலந்துவிட்டால், அது அந்தப் பெண்ணுடையதுதான் என்று எப்படி உறுதி சொல்வது?

தேவனாம்பட்டினத்துக் கடற்கரையை ஒட்டிய வீட்டின் இரும்புக் கதவைப் பாருங்கள்: வண்ணம் பூசிய நடுப்பகுதி பளபளக்க, பூச்சு உரிந்த விளிம்புதான் முதலில் துருவேறுகிறது. டி.என்.ஏ.வும் அப்படித்தான். ஈரிழையாக இருக்கும்வரை ஓர் இழைக்கு மற்றொன்று காப்பு. காலத்தால் அது துண்டு துண்டாக நொறுங்கும்போது, துண்டின் முனைகளில் ஒற்றை இழை மட்டும் காப்பின்றி நீட்டிக்கொண்டிருக்கும். டி.என்.ஏ.வின் நான்கு 'எழுத்து'களில் ஒன்றான சைட்டோசின், அங்கே நீரின் வினையால் தன் அமினோ தொகுதியை இழந்து யுராசில் என்ற வேறு பொருளாக மாறுகிறது. எழுத்து வரிசையைப் படிக்கும் கருவியோ அதைத் தைமின் என்ற மற்றோர் எழுத்தாகப் படிக்கிறது. எனவே முனைகளில் மட்டும் இந்த 'எழுத்துப்பிழை' மலிந்திருந்தால் அது பழையது. முனைவரை பிழையின்றி இருந்தால் பெரும்பாலும் நேற்று யாரோ தொட்டது. கெட்டுப்போனதே அசலுக்குச் சான்றாகும் இந்த முரணை நான் எத்தனை முறை எண்ணினாலும் அலுப்பதில்லை.

இப்படித் தேறிய வரிசையில் ஐரோவாசியப் புல்வெளி மேய்ப்பர்களின் மரபுக்கூறு இல்லை என்று 2019 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் வெளியான, 523 பழங்கால மனிதரை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, அக்கூறு கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் தெற்காசியாவுக்குள் வந்தது என்றது. இம்மேய்ப்பரை ஆரியரோடு இணைத்துப் பேசுவது வழக்கம் என்பதால், ஆரியர் வெளியிலிருந்து வந்தனர் என்போரும் வரவேயில்லை என்போரும் வெற்றி முழக்கமிட்டனர். இரண்டு கட்டுரைகளையும் சேர்த்துப் படிக்கும் பொறுமை இருந்திருந்தால் பாதிச் சத்தம் குறைந்திருக்கும். ஓர் எலும்பு ஒரு நாகரிகத்துக்கே சாட்சி சொல்லும் நிலை வறுமைதான். குழி தோண்டப் பணம் ஒதுக்குவோர், தூசு புகாத ஆய்வறைக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மரபணு, யார் வந்தார் என்று சொல்லும். யாரைக் கும்பிட்டார் என்று சொல்லாது. வேதத் தெய்வங்களான மித்திரன், வருணன், இந்திரன் ஆகியோரின் பெயர்கள், இன்றைய சிரியா, துருக்கிப் பக்கத்தில் இருந்த மிட்டானி அரசின் கி.மு. 14ஆம் நூற்றாண்டு உடன்படிக்கையில் காணப்படுவது மொழிச் சான்று. அதை எலும்பில் தேட முடியாது. மொகஞ்சதாரோ முத்திரையில் கொம்புத் தலையணியுடன் அமர்ந்திருக்கும் உருவத்தைச் சிவனின் முன்வடிவம் என்றார் தொல்லியலாளர் ஜான் மார்ஷல். பின்வந்தோர் பலர் மறுத்தனர். அவ்வுருவத்தின் தலைக்கு மேல் பொறித்த எழுத்துகளை ஐயத்துக்கு இடமின்றி இன்னும் எவரும் படித்துக்காட்டவில்லை.