"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க"

பயாப்சி ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்த அன்று, நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே மகனோ மகளோ தனியாக வந்து நிற்பார்கள். "டாக்டர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டார்."

அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆரம்ப வருடங்களில் நானும் தலையாட்டியிருக்கிறேன். ஒரு பெரியவரிடம், "சின்னக் கட்டிதான், மருந்தில் சரியாகிவிடும்" என்றேன். கீமோ ஏற்றும் அறையில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் பேசியதைக் கேட்டே அவர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். ஆனால் மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளை தாங்க மாட்டான் என்று அவரும் மறைத்தார். கடைசி மாதங்களில், பேச வேண்டியதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அதற்கு வழி செய்து கொடுத்தவன் நான். இன்றும் உறுத்துகிறது.

அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் மருத்துவர்களிடம் கேட்டு 1961-ல் வெளியான ஆய்வில், சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். அதே கேள்விகளை வேறொரு மருத்துவமனையில் கேட்டு 1979-ல் வெளியிட்டபோது, 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்பினார்கள். இடையில் சிகிச்சைகள் பெருகியிருந்தன. கெட்ட செய்தியோடு சேர்த்துச் சொல்ல ஏதோ ஒன்று கையில் இருந்தால் மருத்துவருக்கும் வாய் வரும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதற்காக ரிப்போர்ட்டை அப்படியே படித்துக் காட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது நேர்மை ஆகாது. இப்போதெல்லாம், "உங்களுக்கு என்ன பிரச்சினை என்று நினைக்கிறீர்கள்?" என்றுதான் தொடங்குகிறேன். பலருக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கிறது. அப்புறம், "விவரமெல்லாம் உங்களிடமே சொல்லட்டுமா, வீட்டில் யாரிடமாவது பேசட்டுமா?" என்று கேட்பேன். "பையன்கிட்டயே பேசிக்குங்க" என்பவர்களும் உண்டு. சரி, அது அவர்கள் உரிமை. ஆனால் அதை அவர்களே சொல்ல வேண்டும்.

"எவ்வளவு நாள் இருப்பேன்?" என்ற கேள்விதான் கடினம். இறுதிக்கட்ட நோயாளிகளைப் பற்றி 2000-ல் வந்த ஓர் ஆய்வில், மருத்துவர்களின் கணிப்பில் 20 சதவீதமே சரியாக இருந்தது. பெரும்பாலும் நாட்களைக் கூட்டியே சொல்லியிருந்தார்கள். நோயாளியோடு பழக்கம் நீள நீள, கணிப்பு இன்னும் தவறியது. அதனால் நான் தேதி சொல்வதில்லை. "மாதங்களாக இருக்கலாம், வருடங்கள் என்று எனக்குத் தோன்றவில்லை" என்று தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

தனியாக வந்து நிற்கும் பிள்ளைகளிடம் இப்போது இப்படிச் சொல்கிறேன்: "அவருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவரிடமே கேட்கப் போகிறேன். வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன். கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்." பெரும்பாலும் சற்று யோசித்துவிட்டு, அப்பாவை அழைத்துவரப் போகிறார்கள்.