வெட்டுத்துண்டா, இடைமறிப்பா?

"நேர்கோட்டின் சரிவையும் ஒய்-இடைமறிப்பையும் காண்க." மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு கணிதப் பயிற்சித்தாளில் 11 இடத்தில் இந்த இடைமறிப்பு. முதல் இரண்டை அமைதியாகத் திருத்தினேன். மூன்றாவதில் பொறுமை போய்விட்டது.

இன்டர்செப்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பாடநூல்களில் நெடுநாளாக இருக்கும் சொல் வெட்டுத்துண்டு. இலத்தீனில் 'இன்டர்' இடையே, 'கபேரே' பிடித்தல்; வேர்க்கதை அவ்வளவுதான்.

இடைமறிப்புக்காரர்கள் பிடித்துக்கொள்வது அந்த 'இடை'யைத்தான். மூலத்திலேயே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் எதற்கும் எதற்கும் இடையே? இரு அச்சுகளும் சந்திக்கும் ஆதிப்புள்ளிக்கும், கோடு அச்சை வெட்டும் இடத்துக்கும் இடையே. அங்கே அச்சிலிருந்து கோடு நறுக்கித் தருகிற துண்டுதான் கணக்குக்கு வேண்டியது. இடைமறித்தல் என்றால் போகிறவரை நடுவழியில் தடுப்பது. ஏவுகணையை இடைமறிக்கலாம். நேர்கோட்டை யார் தடுத்தார்கள்? அது அச்சை வெட்டிக்கொண்டு அந்தப் பக்கமும் முடிவில்லாமல் போகிறது. ஒய் அச்சு என்ன, சாலை மறியலா செய்கிறது?

(2, 7), (4, 11) வழியாகப் போகும் கோட்டை எடுத்துக்கொள்வோம். ஒய் 4 கூடுகிறது, எக்ஸ் 2 கூடுகிறது, சாய்வு 2. ஒய் = 2எக்ஸ் + சி என்று எழுதி முதல் புள்ளியைப் போட்டால் 7 = 4 + சி. சி = 3. சமன்பாடு ஒய் = 2எக்ஸ் + 3. அந்த 3 என்ன? ஆதிப்புள்ளியிலிருந்து மேலே 3 அலகு நீளத் துண்டு. சொல்லைக் கேட்டதும் படத்தில் விரல் வைத்துக் காட்டலாம். வெட்டும் புள்ளி வேறு, அது (0, 3). இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவருக்கு 'துண்டு' என்ற சொல்லே பாதி விளக்கம்.

வெட்டுத்துண்டிலும் ஒரு நெருடல் உண்டு, மறைக்கவில்லை. இதே கோடு எக்ஸ் அச்சில் தரும் வெட்டுத்துண்டு −3/2. துண்டு எப்படிக் குறை எண்ணாகும்? ஆதிப்புள்ளிக்கு எந்தப் பக்கம் என்பதைக் குறி சொல்கிறது என்று ஒரு வரி சேர்க்கத்தான் வேண்டும். சரி, சேர்த்துவிட்டுப் போவோம். இடைமறிப்பை வைத்தால் மட்டும் அந்த வரி மிச்சமாகிவிடுமா?

அப்புறம், சாய்வுக்கு (ஸ்லோப்) அந்தத் தாள் போட்ட 'சரிவு'. சரிவது கீழ்நோக்கித்தான். 2 என்ற சாய்வோடு ஏறுகிற கோட்டைச் சரிகிறது என்றால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்? சாய்வு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பொது. ஈழத்துப் பாடநூல்களில் இதற்கு உள்ள படித்திறன் என்ற சொல்லும் அப்படித்தான். எதையும் கீழே தள்ளவில்லை. அதே தாளில் எக்ஸ் மாற்றத்துக்கு 'ஓட்டம்' என்று வேறு இருந்தது. ஆங்கிலத்தில் அந்த மாற்றத்தை 'ரன்' என்பார்கள்; 'ரன்' என்றால் ஓட்டமாம்! பாடநூலைத் திறந்தே பார்க்காமல் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டும் வேலை இது. எந்திரம் செய்தால்கூட மன்னிக்கலாம், கீழே மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

திருத்தி அனுப்பினேன். "இடைமறிப்பு புதுசா, நல்லா இருக்கே" என்று பதில் வந்தது. 11 இடத்திலும் இடைமறிப்பை மறுபடி அடித்துத் திருத்திவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.